லாயத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பெங்களூரு பக்கம் பந்தயக் குதிரை வளர்க்கும் பண்ணையில் வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஜனவரி பிறந்தால் குட்டி போடும் பருவம். உட்கார நேரம் இருக்காது. அதற்குள் இதைப் படித்துவிடு.

குதிரை மேலிருந்து விழுந்துதான் அடிபடும் என்று ஊரில் நினைப்பார்கள். பண்ணையில் நம் ஆட்கள் பெரும்பாலும் அடிபடுவது தரையில் நிற்கும்போதுதான்: லாயம் கூட்டும்போது, குளம்பைத் தூக்கும்போது, மேய அவிழ்த்துவிடும்போது. அதுவும் நன்றாகப் பழகிய குதிரையிடம். பழகிவிட்டதே என்று அவசரத்தில் ஏதாவது ஒரு எச்சரிக்கையை விட்டுவிடுகிறோம். அன்றைக்கென்று அது மிரளும்.

நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது. பின்னால் திடீரென்று சத்தம் கேட்டால் உதைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கும். 500 கிலோ உடம்பு அது. குரல் கொடுத்துக்கொண்டே இடது தோள் பக்கமாகப் போ. பின்னால் சுற்றிப் போவதானால், உடம்பை ஒட்டிக் கைவைத்தபடி போ. இல்லையென்றால் நன்றாக எட்டிப் போ. இரண்டுக்கும் நடுவில் நின்றால் உதை முழு வேகத்தில் விழும்.

பிடிகயிற்றைக் கையில் சுற்றாதே. குதிரை இழுத்தால் சுருள் இறுகி, விரலின் தோலைச் சதையோடு உரித்துவிடும். மிச்சக் கயிற்றை மடித்து, மடிப்பின் நடுவில் பிடி. மேய விடும்போது குதிரையின் முகத்தைக் கேட் பக்கம் திருப்பி நிறுத்தி, நீ கேட்டை ஒட்டி நின்றபின் தலையில் மாட்டிய ஹால்டரைக் கழற்று. நேராக அவிழ்த்துவிட்டால், துள்ளி ஓடும் குதிரையின் பின்னங்கால் உன் முகத்துக்கு வரும். ஈன்ற குதிரைக்கும் குட்டிக்கும் நடுவில் ஒருபோதும் போகாதே.

வயிற்றில் உதை வாங்கிக்கொண்டு “ஒண்ணுமில்லை” என்று எழுந்து நிற்பதை வீரம் என்பார்கள். நம்பாதே. வெளியே சிராய்ப்புகூட இருக்காது. உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்து ரத்தம் கசியலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. லாயத்துச் சாணத்தில் ரண ஜன்னிக் கிருமி இருக்கும், அதற்கான தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள். எந்தக் காயமானாலும் மேஸ்திரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் சொல். நாளைக்கு நஷ்டஈடு கேட்க அதுதான் ஆதாரம்.

ஹெல்மெட்டும் கனமான பூட்ஸும் கேட்டு வாங்கு. முரட்டுக் குதிரையைத் தனியாகப் பிடிக்கச் சொன்னால், “இன்னொரு ஆள் வரட்டும்” என்று முதல் வாரத்திலிருந்தே சொல்லிப் பழகு. பயந்தவன் என்று நாலு பேர் சொல்லட்டும். இந்தத் தொழிலில் நீ அறுபது வயது வரை இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்