தலைப்பு முடிவாகும் முன் நூலகத்துக்கு வாருங்கள்

மருத்துவக் கல்லூரி நூலகராகப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். பிஜி மாணவர்களில் பெரும்பாலோர் எங்களைத் தேடி வருவது தீசிஸ் சமர்ப்பிக்கும் சமயத்தில்தான். "சார், ப்ளேஜியரிசம் ரிப்போர்ட் வேணும்", "சார், ரெஃபரன்ஸ் சரியா இருக்கான்னு பாருங்க." இரண்டையும் செய்துதான் தருகிறோம். ஆனால், நூலகம் அதிகம் கைகொடுக்கக்கூடிய கட்டம் அதற்குள் தாண்டிப் போயிருக்கும். தலைப்பை யோசிக்கும்போதே வருபவர்களுக்கு நான் சொல்வது இவை.

1. முதலில் கேள்வி, பிறகு தேடல்

"பாம்புக்கடி பத்தி ஏதாவது எடுத்துக் குடுங்க சார்" என்றால், நான் பதிலுக்கு நான்கு கேள்வி கேட்பேன். யாருக்கு? என்ன சிகிச்சை? எதோடு ஒப்பிட்டு? என்ன பலன்? பைகோ என்று வகுப்பில் படித்ததுதான். கண்ணாடி விரியன் கடித்து வருபவர்களுக்கு விஷமுறிவு மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பதற்கும் அதிக அளவில் கொடுப்பதற்கும் சிறுநீரகப் பாதிப்பில் வித்தியாசம் உண்டா? இப்படிக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

2. மெஷ் பழகுங்கள்

அதே மருந்தை ஒருவர் ஆன்டிவெனம் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ஆன்டிவெனின் என்பார், நம் ஊர் டாக்டர்கள் ஏ.எஸ்.வி. என்பார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் (என்.எல்.எம்.) 1960 முதல் பராமரித்து வரும் மெஷ் பட்டியலில் எல்லாம் 'ஆன்டிவெனின்ஸ்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். ஆனால், மெஷ் குறிக்கப்படாத கட்டுரைகளும் பப்மெட்டில் உண்டு. அதனால் மெஷ் தலைப்பையும் சாதாரணச் சொற்களையும் 'ஆர்' போட்டுச் சேர்த்து, 'ஸ்நேக் பைட்ஸ்' என்பதோடு 'அண்ட்' போட்டு இணையுங்கள். தேடலை மை என்.சி.பி.ஐ.யில் சேமித்து வைத்தால், புதுக் கட்டுரை வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும்.

3. கைக்காசு போட்டுக் கட்டுரை வாங்காதீர்கள்

முதலில் பப்மெட் சென்ட்ரலில் பாருங்கள், இலவசம். அரசுக் கல்லூரி என்றால், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் இருக்கின்றன. அங்கும் இல்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள். வேறு நூலகத்தில் கேட்டு வாங்கித் தரப் பார்ப்போம்.

4. மேற்கோள்களை முதல் நாளிலிருந்தே சேருங்கள்

சொடேரோ இலவச மென்பொருள். வான்கூவர் முறையில் எண் போடுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் பட்டியலில் இருந்தால் எச்சரிக்கவும் செய்யும். இது சின்ன விஷயமில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் லான்செட்டில் வந்தது, திரும்பப் பெறப்பட்டது 2010இல். இடையில் அதை மேற்கோள் காட்டியவர்கள் ஏராளம்.

5. ஆசிரியர்களுக்கு இரண்டு வார்த்தை

"ஒரே வாரத்தில் பிரசுரம்" என்று மின்னஞ்சல் வந்தால், பணம் கட்டும் முன் எங்களிடம் காட்டுங்கள். அந்த இதழ் மெட்லைனில் உண்மையிலேயே இருக்கிறதா என்று என்.எல்.எம். கேட்டலாகில் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பப்மெட்டில் ஒரு கட்டுரை தென்படுவதால் மட்டும் அந்த இதழ் மெட்லைனில் இருப்பதாக ஆகிவிடாது.

சிஸ்டமேட்டிக் ரெவ்யூ எழுதுவதாக இருந்தால் புரோட்டோகால் எழுதும்போதே நூலகரைக் குழுவில் சேருங்கள். பிரிஸ்மா 2020 விதிப்படி ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தேடிய முழு உத்தியையும் வெளியிட வேண்டும். முடிந்த பிறகு அதை ஞாபகப்படுத்தி எழுதுவது பெரும்பாடு.

எதிக்ஸ் கமிட்டிக்கு அனுப்பும் முன் ஒரு மதியம் ஒதுக்கி வாருங்கள். கைடு ஒப்புக்கொண்ட ஒற்றை வரித் தலைப்பும் உங்கள் லேப்டாப்பும் போதும். அதே தலைப்பில் ஏற்கெனவே பத்துப் பேர் செய்து முடித்திருந்தால், அது அன்றைக்கே தெரிந்துவிடும். தலைப்பை மாற்ற அப்போது அவகாசமும் இருக்கும்.