வெற்றுத் தொட்டியின் அபாயம்

புனே நகரமும் அதனை அடுத்துள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வட், சாக்கண் பகுதிகளும் மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. வாகனங்கள் மிகுந்த இத்தகைய இடங்களில் பழுது பார்க்கும் பட்டறைகளும் மிகுதி. ஒழுகும் எரிபொருள் தொட்டியை வெல்டிங் முறையில் பற்றவைத்து அடைப்பது அங்கு நிகழக்கூடிய வேலைகளுள் ஒன்று. எண்ணெயை வடித்துவிட்டால் அபாயம் நீங்கும் எனச் சிலர் கருதுவர். உண்மை இதற்கு மாறானது.

எரிவது பெட்ரோல் திரவம் அன்று, அதன் ஆவியே. காற்றில் அந்த ஆவி கன அளவில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 முதல் 7.6 பங்குவரை கலந்திருக்கும்போது தீப்பற்றும். பெட்ரோல் உள்ள மூடிய தொட்டியில் ஆவி பெரும்பாலும் இவ்வெல்லையைக் கடந்து அடர்ந்திருக்கும். வடித்த தொட்டியிலோ காற்று புகுந்து, கலவை வெடிக்கும் நிலையை அடைகிறது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 40 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் நூற்றுக்கு 1.4 பங்கு என்பது 0.56 லிட்டர் ஆவி. அதனைத் தருவதற்கு இரண்டு மூன்று மில்லிலிட்டர் பெட்ரோலே போதும். தொட்டியின் மடிப்புகளிலும் உட்தகடுகளின் இடுக்குகளிலும் இதனினும் மிகுதியாகத் தங்கக்கூடும். மேலும், இவ்வாவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் மூடியைத் திறந்து வைப்பதால் மட்டும் வெளியேறிவிடாது.

டீசல் தொட்டியும் விலக்கன்று. டீசலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையலாகாது என்பது இந்தியத் தர அளவு. புனேயின் கோடைப் பகல் வெப்பமே அதனைக் கடப்பதுண்டு. பற்றவைக்கும் சுடரைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

ஆகவே, முதலில் தொட்டியை வாகனத்தினின்று கழற்றித் திறந்த வெளிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எல்லாத் துளைகளையும் திறந்து, நீராவியாலோ சோப்புக் கலந்த வெந்நீராலோ நன்கு கழுவ வேண்டும். பின்னர், பற்றவைக்கும் இடத்திற்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, எஞ்சிய வெளியில் நைட்ரஜன் அல்லது கரியமில வாயுவைச் செலுத்த வேண்டும். பிராணவாயுவை ஒருபோதும் செலுத்தலாகாது. வாசனை இன்மையைச் சான்றாகக் கொள்ளாது, வாயு அளவி கொண்டு சோதித்த பின்னரே சுடரை அணுகச் செய்யலாம். இவ்வசதிகள் இல்லாத பட்டறையில் தொட்டியை மாற்றுவதே தக்கது. பிளாஸ்டிக் தொட்டிகளை இம்முறையில் பற்றவைக்கவே இயலாது.

எரியும் பொருள் இருந்த கலத்தை அப்பொருளும் ஆவியும் நீக்கப்படாமலோ தீங்கற்றதாக்கப்படாமலோ பற்றவைக்கலாகாது என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு விதித்தது. சாலையோரச் சிறு பட்டறைகளில் இவ்வறிவைப் பரப்புவது களப்பணியாளர் கடமை. ஆசிரியர்கள் இதனைச் சோதனையாகச் செய்து காட்டலாகாது. மேற்கூறிய கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினாலே மாணவர்க்கு உண்மை விளங்கும்.