உறையா நீர்

“ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாயா?” நாமக்கல்லில் லாரி ஓட்டும் என் தந்தையார், வண்டியைக் கிளப்புமுன் கிளீனரிடம் கேட்கும் முதற் கேள்வி இதுதான். அதைக் கேட்டு வளர்ந்த நான், தில்லிக்கு வந்து இரசாயனத்தில் முதுகலை பயிலும்போதும், என்ஜினுக்குத் தண்ணீரே போதும் என்று நம்பியிருந்தேன். சென்ற சனவரியில் அந்த நம்பிக்கை உடைந்தது. கூடவே ஒரு ரேடியேட்டரும் உடைந்தது.

சங்க நண்பர்கள் ஐவர், மூத்த மாணவர் ஒருவருடைய பழைய காரில் மணாலிக்குப் போயிருந்தோம். வழியில் ரேடியேட்டர் ஏறக்குறைய வற்றிவிட்டது. “நீதானே இரசாயனம் படிக்கிறவன், பார்த்து ஊற்று” என்றார் அண்ணன். குழாய்த் தண்ணீரைப் பிடித்து விளிம்புமட்டும் நிரப்பினேன். இரவு கடுங்குளிர். காலையில் பார்த்தால் ரேடியேட்டரின் குழாய்கள் பிளந்திருந்தன. பழுதுபார்க்க வந்தவர், “வெறுந் தண்ணீரை ஊற்றியது யார்?” என்றார். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவில் பெருகுகிறது. அடைபட்ட குழாய்க்குள் அதற்கு இடமேது? உலோகம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அது மட்டுமா? ஒரு கிலோ நீரில் ஒரு மோல் பொருளைக் கரைத்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்! அந்த 1.86-க்கும் காருக்கும் உறவுண்டு என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த உறவுதான் எத்திலீன் கிளைக்கால். 1856-இல் வுர்ட்சு என்ற பிரெஞ்சு அறிஞர் இதை முதலில் ஆக்கினார். இதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. அவை நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு, பனிக்கட்டியாக அணிவகுக்க விடாமல் தடுக்கின்றன.

இங்கே ஒரு வியப்பு. நீர் 0 டிகிரியில் உறைகிறது; தனிக் கிளைக்காலோ சுமார் -13 டிகிரியில் உறைகிறது. இரண்டையும் சம அளவு கலந்தால் -37 டிகிரி வரை உறைவதில்லை! ஆகவே, ‘மருந்து அதிகமானால் நல்லது’ என்று கிளைக்காலை மட்டும் ஊற்றுவதும் தவறே. வெப்பத்தைச் சுமப்பதில் நீருக்கு ஈடு கிளைக்கால் அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெர்லின் விமான என்ஜின்களில் முதலில் தனிக் கிளைக்காலையே பயன்படுத்தினார்கள். பிந்தைய வகைகளில் நூற்றுக்கு எழுபது பங்கு நீரும் முப்பது பங்கு கிளைக்காலும் கலந்து, அழுத்தத்தில் வைத்தார்கள்.

“எங்கள் ஊரில் பனியே இல்லையே, இது எதற்கு?” என்று கேட்பீர்கள். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் திரவமே வெளியேற்ற வேண்டும். கிளைக்கால் கலந்தால் கொதிநிலையும் உயர்கிறது. மேலும், இத்திரவத்தில் துருவைத் தடுக்கும் பொருள்களும் உண்டு. உப்புக் கலந்த கிணற்றுநீரோ உள்ளே படிவை உண்டாக்கி, உலோகத்தையும் அரிக்கும். வெயில் நாட்டுக்கும் இது வேண்டியதே.

நண்பர்களே, நான்கு செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். ஒன்று, புட்டியின் சீட்டைப் படியுங்கள். செறிவான திரவமானால் தாது நீக்கிய நீரைச் சம அளவு சேர்க்க வேண்டும். முன்பே கலந்ததாயின் நீர் சேர்க்கலாகாது. இரண்டு, நிறத்தை நம்பி இருவகைத் திரவங்களைக் கலக்காதீர்கள். நிறம் வெறும் சாயமே. மூன்று, சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தம் சட்டென்று குறைந்ததும் திரவம் கொதித்து முகத்தில் பாயும். நான்கு, கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. உடலுக்குள் ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது.

புதிய ரேடியேட்டரின் செலவை ஐவரும் பகிர்ந்துகொண்டோம். என் பங்கை இரட்டிப்பாகக் கொடுக்க முன்வந்தேன். அண்ணன் வாங்க மறுத்துவிட்டார். விடுமுறையில் ஊருக்குப் போனபோது, தந்தையாரின் லாரிக்கு ஒரு புட்டி கூலன்ட் வாங்கிக் கொடுத்தேன். “தண்ணீருக்கும் காசா?” என்று சிரித்தார். திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். மறுநாள் அவர் கிளீனரிடம் கேட்ட கேள்வி மாறியிருந்தது.