கத்திரி வருமுன் சீல் மாற்றுவோர் கவனத்துக்கு

பங்குனிப் புனர்பூசத்தில் திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயிலில் நந்தியெம்பெருமானுக்குத் திருக்கல்யாணம். மாப்பிள்ளை திருவையாற்றிலிருந்து கொள்ளிடம் தாண்டி வருகிறார். கூட்டம் காரிலும் வேனிலும் வருகிறது. கல்யாணம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்ததும், நிறுத்தியிருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சொட்டு கிடந்தால் அதைச் சித்திரைவரை விட்டுவைக்கக் கூடாது.

மே 4 வாக்கில் கத்திரி பிறக்கும். ஓடும் என்ஜினில் ஆயில் 100 டிகிரியைத் தொடும். சூட்டில் அது இளகி ஓடும், பழைய நைட்ரைல் ரப்பரோ இறுகி வெடிக்கும். அரியலூர்ச் சாலைகளில் சிமென்ட் லாரிகளின் தூசி வேறு. கசியும் ஆயிலில் அது ஒட்டிக்கொண்டு, சீலின் உதட்டையும் கிராங்க் தண்டையும் சேர்த்தே தேய்க்கும். ஆகவே மாற்றும் வேலையைப் பங்குனியிலேயே முடிப்பது நல்லது.

புது சீலில் எதைத் தடவுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கைக்கு எட்டிய கிரீஸ் டப்பாவை எடுத்துவிடுகிறார்கள். அந்த சீல் எந்தத் திரவத்தில் வாழப்போகிறதோ, பெரும்பாலும் அதையே தடவினால் போதும்.

ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையத்துக்குப் புது என்ஜின் ஆயில், ஒரு விரல் அளவு. பழைய வளையம் என்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன்மேல் புதியதை ஏற்றினால் ஆயில் பீய்ச்சியடிக்கும். கிராங்க், கேம் சீல்களின் உதட்டுக்கும் என்ஜின் ஆயில்தான். தூசி தடுக்க இரண்டாவது உதடு இருந்தால், இரண்டுக்கும் நடுவே சிறிது கிரீஸ்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. ஸ்பிரிங் இல்லாமல், அகன்ற வழுவழுப்பான உதட்டோடு, பிளாஸ்டிக் உறையில் மாட்டி வரும் சீல் பெரும்பாலும் டெஃப்லான் வகை. அதில் எண்ணெயும் படக்கூடாது, விரலும் படக்கூடாது. உலர்ந்த தண்டில், அந்த உறையின் வழியாகவே ஏற்ற வேண்டும். டேப்பெட் கவர் கேஸ்கெட்டும் பொதுவாக உலர்வாகவே உட்காரும். மூலைகளில் மட்டும், கையேடு சொன்னால், சிலிக்கான் பசை.

தண்ணீர்ப் பக்கம் கதை வேறு. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஓ-ரிங்குகள் பல வண்டிகளில் ஈபிடிஎம் ரப்பர். என்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ பட்டால் அது ஊறி உப்பி, வலுவிழந்துவிடும். அங்கே கூலண்ட்டையே தொட்டுத் தடவலாம். பிரேக் ரப்பர்களும் இந்த ஜாதிதான். அங்கே தவறினால் உயிர்ச்சேதம் என்பதால், புதிதாகத் திறந்த பிரேக் ஆயிலைத் தவிர வேறு எதையும் அருகே கொண்டுவரக் கூடாது. தொடக்க கால பிரேக் ஆயில் விளக்கெண்ணெயில் ஆல்கஹால் கலந்து செய்யப்பட்டதற்கும் காரணம் இதுவே: விளக்கெண்ணெய் ரப்பரைக் கெடுக்காது, பெட்ரோலிய எண்ணெய் கெடுக்கும்.

சிலிக்கான் கிரீஸ் ஈபிடிஎம்முக்கும் நைட்ரைலுக்கும் ஒத்துப்போகும். சிலிக்கான் ரப்பருக்கு மட்டும் ஆகாது.

ரப்பரின் இனத்தை நிறம் சொல்லாது. சந்தேகம் வந்தால் அதே வகை ஓ-ரிங் இரண்டு வாங்கி, ஒன்றை நினைத்திருக்கும் கிரீஸில் ஓரிரு நாள் ஊறவிட்டு மற்றதோடு ஒப்பிடலாம்; பெருத்திருந்தால் அந்த கிரீஸ் வேண்டாம். ஊறியதை வண்டியில் போடாமல் எறிந்துவிட வேண்டும்.

புது சீலும் ஒரு வாரத்தில் கசிந்தால், குறை சீலில் இல்லாமலும் இருக்கலாம். என்ஜினின் மூச்சுக்குழாய் அடைத்து உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.