கணப்படுப்பில் பிறந்த கித்தார்

1963ஆம் ஆண்டு. இலண்டனின் மேற்குப் பகுதியில் உள்ள ஃபெல்தத்தில் பிரையன் மே என்ற 16 வயது மாணவர் வசித்து வந்தார். மின்கித்தார் ஒன்று வேண்டும் என்பது அவரது தீராத ஆசை. ஆனால், கடையில் தொங்கிய அமெரிக்கக் கித்தார்களின் விலை அக்குடும்பத்திற்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அவருடைய தந்தை ஹெரால்ட், விமானத்துறை அமைச்சில் வரைவாளராகப் பணியாற்றியவர். எதையும் தம் கையாலேயே செய்து பார்க்கும் பழக்கம் உடையவர். வாங்க முடியாவிட்டால் என்ன, நாமே செய்துவிடலாம் என்று தந்தையும் மகனும் முடிவெடுத்தனர்.

குடும்ப நண்பர் ஒருவர் வீட்டுப் பழைய கணப்படுப்பைப் பெயர்த்து எறியவிருந்தார். நூறாண்டைக் கடந்த அதன் மகோகனிச் சட்டம்தான் கித்தாரின் கழுத்தாக மாறியது. பிரையன் அதைப் பேனாக்கத்தியால் செதுக்கினார். மரப்புழு துளைத்திருந்த ஓட்டைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார். விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் வெண்புள்ளிகள், அம்மாவின் தையற்பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்!

உடற்பகுதியின் நடுவில் பழைய மேசையின் ஓக் மரம். இருபுறமும் துண்டு மரங்களை ஒட்டிச் செய்த மலிவான பலகை. அதன் உட்புறத்தைப் பிரையன் வேண்டுமென்றே ஆங்காங்கே குடைந்தார். ஒலிபெருக்கியின் எதிரே நிற்கும்போது அதன் ஓசை மரத்தையும் தந்திகளையும் மீண்டும் அதிரச் செய்யும். நாதம் அறுபடாமல் நீளும் என்பது அவர் எண்ணம். மேற்புறத்தில் ஒலித்துளை வெட்டவும் திட்டமிட்டிருந்தார். ஏனோ, கடைசிவரை வெட்டவே இல்லை. மலிவுப் பலகையை மறைக்க, மெல்லிய மகோகனித் தகட்டை மேலே ஒட்டினார். செந்நிறத்தில் மின்னிய அந்த மேற்பரப்பைக் கண்டவர்கள் உள்ளே இருப்பது என்னவென்று ஊகித்திருக்கவே முடியாது.

சுருதியை அலையவிடும் நெம்புகோல் அமைப்புக்குப் பழைய கத்தியின் எஃகும், 1928ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிளின் இரண்டு சுருள்வில்களும் கைகொடுத்தன. நெம்புகோலின் நுனியில் இருந்தது அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு.

எல்லாமே முதல் முயற்சியில் கைகூடிவிடவில்லை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்களையும் பிரையன் சொந்தமாகவே செய்தார். கம்பியைச் சுற்றுவதற்கென்றே ஒரு சிறு கருவியையும் உருவாக்கினார். ஒலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசித்தால் காந்தத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தந்தி நகர்ந்தது. உடனே விரும்பத்தகாத இரைச்சல் எழுந்தது. அவ்வளவு உழைப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் கடையில் மூன்று காந்தச் சுருள்களை வாங்கிப் பொருத்தினார். வேலை முடிய ஏறத்தாழ ஈராண்டுகள் ஆயின.

கித்தார் செய்யக் கற்றுக்கொடுத்த தந்தை, மகன் இசைக்கலைஞராவதை விரும்பவில்லை. விண்ணியற்பியலில் முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுப் பிரையன் 'குவீன்' இசைக்குழுவே கதி என்று இருந்தது அவரை வெகுவாக வருத்தியது. பின்னாளில் பிரையன் பெற்றோரை நியூயார்க்கிற்கு அழைத்துச் சென்றார். அங்கே மாபெரும் அரங்கில் திரண்டிருந்த கூட்டத்தின்முன் அந்தக் கித்தார் ஒலித்ததைக் கேட்ட பிறகே தந்தையின் மனம் இளகியது. 1991இல் அவர் காலமானார். பிரையன் தம் ஆய்வை முடித்து முனைவர் பட்டம் பெற்றது 2007இல்தான்.

பல்லாண்டுக் கச்சேரிகளில் இடைவார் உரசி உரசிக் கித்தாரின் மேற்பரப்பில் கீறல்கள் விழுந்தன; விளிம்புகள் சிதைந்தன. 1998இல் ஆஸ்திரேலியக் கித்தார்க் கைவினைஞர் கிரெக் ஃபிரையர் அதைச் சீரமைத்தார். புத்தம்புது மேற்பலகை பொருத்துவது எளிது. ஆனால், அவரோ பழைய மரத்தை அப்படியே காத்தார். முன்பு பூசியிருந்த அதே வகைப் பூச்சைக் கொண்டே அதற்குப் பழைய பொலிவைத் தந்தார். தேய்ந்துபோன ஒரு மெட்டை மட்டும் மாற்றினார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2002 ஜூன் மாதத்தில், எலிசபெத் அரசியாரின் பொன்விழாவின்போது பிரையன் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமீது நின்று பிரிட்டனின் தேசிய கீதத்தை வாசித்தார். அவர் தோளில் தொங்கியது அந்தக் கணப்படுப்புக் கித்தார்தான்.