மழைநீர் பறிக்கும் பிடிமானம்

மழைக்காலத்தில் இப்படி ஒரு காட்சியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடுகிறது. இரு கரையிலும் மக்கள் நிற்கிறார்கள். "முழங்கால் அளவுதானே, போய்விடலாம்" என்று ஒருவர் காரைத் தண்ணீரில் இறக்குகிறார். பாதி தூரம் போனதும் கார் மெல்லப் பக்கவாட்டில் நகர்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை. பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை. 900 கிலோகிராம் நிறையுள்ள காரை முழங்கால் அளவு நீர் எப்படி நகர்த்துகிறது?

வாகனத்தைச் சாலையோடு பிணைத்து வைத்திருப்பது உராய்வு விசை. வண்டி கிளம்புவதும் திரும்புவதும் நிற்பதும் அதனால்தான். உராய்வுக் கெழுவையும், டயர் சாலையை அழுத்தும் விசையையும் பெருக்கினால், கிடைக்கக்கூடிய பிடிமானத்தின் உச்ச அளவு தெரியும். மழைநீர் இந்த இரண்டையுமே குறைக்கிறது. எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஈரச் சாலை

உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.7 இருக்கும். சாலை நனைந்தால் அது 0.4 அளவுக்கு இறங்கிவிடலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்தபின் உலர்ந்த சாலையில் சுமார் 20 மீட்டர் ஓடி நிற்கும். ஈரச் சாலையில் சுமார் 35 மீட்டர் ஓடும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் மேலும் 17 மீட்டர் கடந்திருக்கும். வேகத்தை 30 கி.மீ. ஆக்கினால் என்ன ஆகும்? பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே 35 மீட்டர் கால் பங்காகி, சுமார் 9 மீட்டராகிவிடும்.

நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் கூடுதல் கவனம் தேவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும் குழம்பாகிவிடும்.

தேங்கிய நீர்

டயரில் உள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. டயருக்கும் சாலைக்கும் நடுவே சிக்கும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. வேகம் மிகுந்தால் நீர் விலகி ஓட நேரம் போதாது. அது டயரின் முன் ஆப்பு போல் நுழைந்து டயரையே தூக்கிவிடும். இதை நீர்ச்சறுக்கல் எனலாம்.

அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் 1963-இல் இதுபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நீர்ச்சறுக்கல் தொடங்கும் வேகம், டயரிலுள்ள காற்றழுத்தத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அதில் கண்ட விதி. பள்ளம் தேய்ந்து வழவழப்பான டயரில் சதுர அங்குலத்துக்கு 36 பவுண்டு அழுத்தம் இருந்தால் மணிக்கு சுமார் 100 கி.மீ. வேகத்தில் சறுக்கல் தொடங்கும். 25 பவுண்டாகக் குறைந்தால் 83 கி.மீ. வேகத்திலேயே தொடங்கிவிடும். காற்றுக் குறைந்த, தேய்ந்த டயர் மழையில் ஆபத்தானது என்பதன் காரணம் புரிகிறதா? கார் சறுக்கும்போது பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும்.

ஓடும் வெள்ளம்

இப்போது தரைப்பாலத்துக்கு வருவோம். காரின் அடிப்பகுதி 3 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்டது என்று கொள்வோம். பரப்பு 4.5 சதுர மீட்டர். நீர் அந்த அடித்தளத்துக்கு மேல் 10 செ.மீ. உயர்ந்தால், கார் இடம்பெயர்க்கும் நீர் 0.45 கன மீட்டர். அதாவது 450 கிலோகிராம். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி காரின் எடையில் பாதி போய்விட்டது! பிடிமானமும் பாதியாகிவிட்டது. 20 செ.மீ. உயர்ந்தால் 900 கிலோகிராம் காரும் மிதக்கும். அடித்தளம் தரையிலிருந்து 17 செ.மீ. உயரத்தில் இருந்தால், மொத்த ஆழம் வெறும் 37 செ.மீ.தான். உள்ளே நீர் புகுந்து காரைக் கனமாக்கச் சற்று நேரம் ஆகும். அதற்குள் வெள்ளம் அதை இழுத்துச் சென்றிருக்கும். மேலும், ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

கலங்கிய நீருக்கு அடியில் சாலை அரித்துப் போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. என்ஜினுக்குள் நீர் புகுந்தால் வேறொரு தொல்லை. காற்றைப் போல் நீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். எனவே நீரில் நின்றுபோன என்ஜினை மீண்டும் முடுக்கக் கூடாது.

செய்து பாருங்கள்

20 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நான்கு சிறு கற்களை ஒட்டுங்கள். அவைதாம் சக்கரங்கள். மொத்தம் 600 கிராம் வரும்படி மணல் நிரப்பி, அகன்ற தொட்டியில் வையுங்கள். சிறிது சிறிதாக நீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் விரலால் தள்ளிப் பாருங்கள். டப்பாவின் அடியிலிருந்து நீர் 3 செ.மீ. உயர்ந்ததும் என்ன நடக்கிறது? ஏன் 3 செ.மீ.? கணக்கிட்டுப் பாருங்கள்.

உங்களில் பலருக்கு இன்னும் வண்டி ஓட்டும் வயது வரவில்லை. ஆனால் அப்பாவின் பின்னாலோ, மாமாவின் காரிலோ செல்கிறீர்கள் அல்லவா? பாலத்தின் மேல் வெள்ளம் ஓடுவதைக் கண்டால், "திரும்பிப் போய்விடலாம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். சுற்றுவழியில் போனால் ஒரு மணி நேரம் தாமதமாகலாம். ஆனால் எல்லோரும் வீடு போய்ச் சேர்வீர்கள்.