காரை வீட்டில் சிமெண்ட் பூசாதே, கயல்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். தீபாவளி விடுமுறையோடு இன்னும் சில நாள் சேர்த்துக்கொண்டு, குன்னத்து வீட்டை நீயே பழுதுபார்க்கப் போகிறேன் என்கிறாய். அந்த வீட்டின் மேல் அக்கறை உள்ளவர்கள் நம் குடும்பத்தில் குறைந்துகொண்டே வரும் காலத்தில் இது சந்தோஷமான செய்திதான். ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை என்று நீ சொல்வதும் நியாயமே. ஆனால் பட்டியலின் முதல் வரியே சிமெண்ட் மூட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீடு உன்னுடையது, முடிவும் உன்னுடையது. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு எது சரி என்று தோன்றுகிறதோ அதைச் செய்.

அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துக் கட்டியது. அடியில் ஓதம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தரையின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சத்தான் செய்யும். உறிஞ்சிய ஈரம் காரைப்பூச்சின் நுண்துளைகள் வழியே வெளியேறி, வெயிலில் காய்ந்துவிடும் என்ற கணக்கில் கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் சிமெண்ட் பூசுவது, நனைந்த சட்டைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டுவது போல. வெளியே போக வழியில்லாத ஈரம் மேலே ஏறும், உள்பக்கம் திரும்பும். தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து இறுகி, பூச்சை உள்ளிருந்தே தள்ளும். சந்தேகமாக இருந்தால் மேற்குச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் விரல் முட்டியால் தட்டிப் பார். வெற்று ஒலி கேட்கும். ஊதி நிற்கும் இடத்தைப் பெயர்த்தால் உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், செங்கல் விரலோடு மாவாக வரும். அதே வீட்டில் யாரும் கை வைக்காத கொல்லைப்புறச் சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டு நீயே சொல். மேற்குச் சுவருக்கு சிமெண்ட் பூசியது உன் அப்பாதான். அன்றைக்கு ஊரே செய்ததைத்தான் அவனும் செய்தான். ‘கெட்டியாக இருக்கும் அக்கா’ என்ற அந்த ஒரு பேச்சுக்கு மேல் அவனிடம் பதில் இருந்ததில்லை. போகட்டும்.

கெட்டி என்பது சுவருக்கு நல்ல குணம்தானே என்று நீயும் கேட்பாய். செம்மண் தரையில் நிற்கும் வீடாக இருந்தால் இவ்வளவு வாதாட மாட்டேன். நம் வீடு நிற்பது கரிசலில். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் குடித்து உப்பும், சித்திரை வைகாசியில் சுருங்கிக் கையை நுழைக்கும் அளவுக்கு வெடிக்கும். அந்த மண்ணின் மேல் நிற்கும் சுவர் வருஷா வருஷம் கொஞ்சம் அசைந்துகொண்டேதான் இருக்கும். காரை அந்த அசைவுக்கு ஈடுகொடுக்கும். மயிரிழை வெடிப்பு விட்டாலும், மழைநீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து அந்தப் பிளவிலேயே மறுபடி படியவைக்கும். சிமெண்டுக்கு அந்த நெகிழ்வு இல்லை. அது விட்டுக்கொடுக்காதபோது பக்கத்துச் செங்கல்தான் உடையும். அதனால் வெடிப்பைப் பார்த்த உடனே அடைக்கக் கிளம்பாதே. அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுது. குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டிவை. ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும். காகிதம் கிழியாமல் இருந்தால் அது பழைய வெடிப்பு, காரை வைத்து அடைத்துவிடலாம். கிழிந்து, கோட்டையும் தாண்டி வளர்ந்திருந்தால் அது அஸ்திவாரத்தின் குறை. உன் கரணைக்கு அங்கே வேலையில்லை, பொறியாளரைக் கூப்பிடு.

அரியலூரில் உட்கார்ந்துகொண்டு சிமெண்டைக் குறை சொல்லும் அத்தை என்று நீ சிரிப்பது தெரிகிறது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டு அடுப்பு சிமெண்ட் ஆலைகளால்தான் எரிகிறது. 1979-லிருந்து அரசு ஆலை ஓடுகிறது, தனியார் ஆலைகளும் வந்துவிட்டன. எனக்கு அந்தப் பொருளோடு பகையில்லை. கான்கிரீட் தளத்துக்கும் செப்டிக் டேங்க்குக்கும் அதுதான் சரி. ஆனால் சுண்ணாம்பும் சிமெண்டும் ஒரே கல்லிலிருந்து வருகின்றன என்பதை யோசித்துப் பார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு மரத்தைக் கல்லாக்கி வைத்திருக்கும் அதே பழங்கடல்தான் இந்தச் சுண்ணாம்புக்கல்லையும் படியவைத்தது. அதைச் சுமார் 900 டிகிரியில் சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு. அது காற்றிலிருந்து கரியமிலவாயுவை வாங்கி மெல்ல மறுபடி கல்லாகும். களிமண் சேர்த்து 1,450 டிகிரி வரை சுட்டு அரைத்தால் சிமெண்ட். அது தண்ணீரோடு சேர்ந்து சில மணி நேரத்தில் இறுகும். குணம் வேறு, வேலையும் வேறு. சுண்ணாம்பு வேலை இப்போது யாருக்குத் தெரியும் என்பாய். சென்னை சேப்பாக்கத்தில் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை புதுப்பித்தபோது சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சாந்தைத்தான் பயன்படுத்தினார்கள். தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன, தேடத்தான் வேண்டும். நாள் அதிகம் பிடிக்கும் என்பது மட்டும் உண்மை. பூசிய பின் வாரக்கணக்கில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அடைமழையும் படக்கூடாது. அதனால்தான் தீபாவளி சமயம் ஆகாது என்கிறேன். தை பிறக்கட்டும்.

இந்த விடுமுறையில் உன் கைக்கு ஏற்ற வேலை இல்லாமல் இல்லை. கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை வேரோடு இழுக்காதே, செங்கல்லையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். அடியோடு வெட்டி, வேர் பட்டுப்போக மருந்து வை. தாழ்வாரத்துத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல், மண்ணை வெளிப்பக்கம் சரிவாக இழுத்துவிடு. கரிசலில் நிற்கும் வீட்டுக்கு இந்த ஒரு மண்வெட்டி வேலை நாலு மூட்டைப் பூச்சுக்குச் சமம். கதவு நிலையில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார். உள்சுவருக்கு வெள்ளையடி, பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், அதுவும் ஈரத்தை அடைக்கும். சுண்ணாம்பை நீற்றியதாகவே வாங்கு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். நீற்றியதும் கண்ணுக்கு ஆகாது, கண்ணாடி போடாமல் தொடாதே. மரச்சட்டத்தில் ஓடும் அந்தப் பழைய வயரிங்கை மட்டும் வீடியோ பார்த்துத் திறக்காதே. எர்த் இருக்கிறதா என்பதே சந்தேகம், ஈரச் சுவர் வேறு. உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சையும் போடச் சொல், காசு நான் தருகிறேன். ஓடு மாற்ற ஏணியில் தனியாக ஏறக்கூடாது. பனங்கை உளுத்திருந்தால் கீழிருந்து தெரியாது, கால் வைத்த பிறகுதான் தெரியும். இதில் மட்டும் உன் முடிவு என் முடிவு என்ற பேச்சே கிடையாது.

நிறையச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அந்த ஓட்டு வீட்டை நினைக்கும் பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? உன் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நீ சிமெண்டே பூசினாலும் நீ என் கயல்தான், அந்தத் திண்ணையில் வந்து உட்காரத்தான் போகிறேன். செட்டிகுளத்து வெங்காயம் ஒரு மூட்டை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். கடைக்காரரிடம் இன்றைக்கே பேசி அந்த சிமெண்ட் மூட்டைகளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அத்தை
அரியலூர்